கோடிக்கரைக்குப் போகிறவர்களுக்கு: ‘பொன்னியின் செல்வன்’ வழியே ஒரு வழிகாட்டி

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலைப் படித்த கையோடு கோடிக்கரைக்குப் போகிறவர்களில் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான். ஒரு மே மாதம், உச்சி வெயிலில் போய் இறங்கினேன். சாலை முடிகிற இடத்தில் ஒரு கடற்கரை, இழுத்துப் போட்ட படகுகள், கருவாட்டு வாசனை, தள்ளி ஓர் இடிந்த செங்கல் குவியல். நாவலில் அங்கே படகு விடுகிற பூங்குழலியைக் காணோம். வந்த பஸ் திரும்புகிறபோது அதிலேயே ஏறிவிட்டேன்.

தவறு ஊர் மேல் இல்லை. தஞ்சாவூரில் கோயிலைப் பார்க்கிற மாதிரி இங்கேயும் கட்டடத்தைத் தேடிக்கொண்டு போனதுதான் தவறு. நாவலில் கடம்பூரிலும் பழையாறையிலும் தஞ்சையிலும் கதையை நடத்துவது மனிதர்கள், அவர்களுடைய மாளிகைகள், சுரங்க வழிகள். கோடிக்கரையில் கதையை நடத்துவது நிலம். சேறு, மணல்மேடு, காடு, இருட்டு, காற்று, கால்வாய். இவை ஒவ்வொன்றும் அங்கே ஒரு வேலை செய்கின்றன. அதைத் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பதற்கு ஒன்றரை நாள் போதாது. முதல்முறை போகிறவர்களுக்காக, நான் பிறகு போய்ப் போய்க் கற்றுக்கொண்ட வரிசையில் சொல்கிறேன்.

முதலில், எதைப் படித்துவிட்டுப் போவது

ஐந்து பாகம், 293 அத்தியாயம். முழுவதையும் திரும்பப் படிக்கச் சொன்னால் பயணமே நடக்காது. கோடிக்கரைக்கு வேண்டியவை இரண்டு தொகுதிகள்தான். இரண்டாம் பாகமான ‘சுழற்காற்று’ தொடங்குவதே கோடிக்கரையில்தான். அதன் முதல் ஏழு அத்தியாயங்கள். மூன்றாம் பாகமான ‘கொலை வாள்’ தொடங்குவதும் இங்கேதான். அதில் முதல் பத்து. நிதானமாகப் படித்தாலும் இரண்டு மாலை போதும். கல்கியின் எழுத்துகள் 1999-ல் நாட்டுடைமை ஆகிவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய்த் தேடலாம் என்று இருக்க வேண்டாம்.

நாவலே படிக்காதவர்கள், 2022-ல் வந்த படத்தை மட்டும் பார்த்தவர்கள் என்றால், முன்கதை இவ்வளவு தெரிந்தால் போதும். ஆதித்த கரிகாலனின் தூதனாகக் காஞ்சியிலிருந்து கிளம்பிய வந்தியத்தேவன், பழையாறையில் குந்தவை கொடுத்த ஓலையோடு இலங்கையிலிருக்கும் இளவரசர் அருள்மொழிவர்மரிடம் போக வேண்டும். சோழநாட்டில் செல்வாக்கு மிகுந்த பழுவேட்டரையரின் ஆட்கள் அவனைத் தேடுகிறார்கள். கடல் தாண்டப் படகு வேண்டும். சுந்தர சோழரின் நோய்க்கு மூலிகை தேடுகிற சாக்கில், ஒரு வைத்தியர் மகனோடு அவன் கோடிக்கரை வந்து சேருகிறான். அங்கே கலங்கரை விளக்கைப் பார்த்துக்கொள்ளும் தியாகவிடங்கரின் மகள்தான் பூங்குழலி. படகு விடத் தெரிந்தவள். யாருக்கும் அடங்காதவள்.

அடுத்து, அந்த ஊர் ஏன் என்று யோசிப்பது

வரைபடத்தை ஒரு தடவை பாருங்கள். வடக்கிலிருந்து நேராக இறங்கிவரும் சோழநாட்டுக் கடற்கரை கோடிக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. யாழ்ப்பாணக் கரை இங்கிருந்து சுமார் 50, 60 கிலோமீட்டர்தான். ‘கோடி’ என்றால் முனை, கடைசி. சோழநாடு முடிகிற இடம் அது.

அதனால்தான் எல்லோரும் இங்கே வந்தாக வேண்டியிருக்கிறது. வந்தியத்தேவன் வருகிறான், அவனுக்கு முன்பே, சோழ குலத்தை அழிக்கச் சதி செய்யும் ரவிதாஸன் கூட்டம் வந்து கடல் தாண்டிப் போயிருக்கிறது. மூன்றாம் பாகத்தில் பெரிய பழுவேட்டரையர் தன் மனைவி நந்தினியோடு வந்து இறங்குகிறார். இலங்கையிலிருந்து கரிகாலனின் நண்பன் பார்த்திபேந்திரன் கப்பலில் வந்து, இளவரசர் கடலில் மூழ்கிவிட்டார் என்று சொல்வதும் இந்தக் கரையில்தான். அந்த இளவரசரோ உயிரோடு இதே கரையில் வேறோர் ஓரத்தில் ஒதுங்கியிருக்கிறார். ஒரே காட்டுக்குள், ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல், இவ்வளவு பேரை ஒளித்து வைக்க கல்கிக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அரண்மனையில் அது முடியாது. போய்ப் பார்த்தால் தெரியும், இந்தக் காட்டில் முடியும்.

எப்போது போவது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைகளுக்கான காலம். பூநாரைகள் கூட்டம் கூட்டமாகச் சதுப்பு நீரில் நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் அப்போதுதான். ஆனால் நவம்பர் புயல் மாதம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவேதான் கரை கடந்தது. இந்த வட்டாரத்தில் அது சாய்த்த மரங்களுக்குக் கணக்கில்லை. ஆகவே வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். என்னைக் கேட்டால் ஜனவரி, பிப்ரவரி.

இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நாவல் ‘கல்கி’ இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை ஓடியது. நடுவில், 1952 நவம்பர் கடைசியில், நாகப்பட்டினப் பக்கத்தைப் பெரும் புயல் ஒன்று அடித்துத் துவைத்தது. அதைப் பார்த்துத்தான் கல்கி எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்தவருக்குப் புயல் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைய தஞ்சை மாவட்டத்து வாசகர்களும் சுழற்காற்றை வெறும் கற்பனையாகப் படித்திருக்க மாட்டார்கள்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் கோடிக்கரைக் கடலில் நீராடப் பெருங்கூட்டம் வரும். ஆதிசேது என்று பெயர். தீர்த்தமாட வருகிறவர்களுக்கு நல்ல நாள். பூங்குழலியின் தனிமையைத் தேடி வருகிறவர்களுக்கு ஆகாத நாள்.

போய்ச் சேர்வதும் தங்குவதும்

பஸ்ஸிலும் வழிகாட்டிப் பலகையிலும் ‘கோடியக்கரை’ என்றிருக்கும். கோடிக்கரையும் அதுவும் ஒன்றுதான். ‘கோடியக்காடு’ என்பது அதற்குச் சற்று முன்னால் இருக்கும் வேறு ஊர். இதைக் குழப்பிக்கொண்டு தவறான இடத்தில் இறங்குகிறவர்கள் உண்டு. இரண்டையும் பார்க்கத்தான் போகிறீர்கள் என்பதால் பெரிய நஷ்டமில்லை.

எல்லாவற்றுக்கும் வேதாரண்யம்தான் வாசல். அங்கிருந்து கோடிக்கரை பத்துப் பதினோரு கிலோமீட்டர். நாகப்பட்டினத்திலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் வேதாரண்யத்துக்குப் பஸ் உண்டு. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை ரயில் பாதை அகலப்பாதையாகி 2023-ல் மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிறது. நேரம் பார்த்துக்கொண்டு வந்தால் அதுவும் நல்ல வழிதான்.

தங்குவதை வேதாரண்யத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோடிக்கரையில் வனத்துறை விடுதி இருக்கிறது, ஆனால் முன்கூட்டியே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அங்கே நடக்காது. சாப்பாட்டுக்கும் வேதாரண்யம்தான். காட்டுக்குப் போகும்போது தண்ணீர் உங்கள் பையில் இருக்கட்டும்.

வேதாரண்யத்திலிருந்து கிளம்பினால் அகஸ்தியம்பள்ளி தாண்டும்போதே இரண்டு பக்கமும் உப்பளங்கள் வரும். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடத்திக்கொண்டு வந்த உப்பு சத்தியாகிரக யாத்திரை வந்து முடிந்த இடம் இது. நினைவுத்தூண் இருக்கிறது, பத்து நிமிடம் இறங்கிப் பாருங்கள். கல்கி ராஜாஜியோடு சேர்ந்து வேலை செய்தவர் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் பிற்பகல்: குழகர் கோயில்

நான்கு மணி வாக்கில் கோடியக்காட்டுக் குழகர் கோயிலுக்குப் போங்கள். சிறிய கோயில். நாவலில் பூங்குழலி வந்து போகிற கோயில் இது. சுந்தரர் பாடிய தலம். அவருடைய பதிகத்தை, ஏழாம் திருமுறையில் இருப்பதை, இங்கே உட்கார்ந்து படித்தால் கல்கி எங்கிருந்து கிளம்பினார் என்று தெரிந்துவிடும்.

பொதுவாகத் தலங்களைப் பாடுகிறவர்கள் ஊரின் வளத்தைப் பாடுவார்கள். சோலை, வயல், மாடமாளிகை. சுந்தரர் இங்கே பாடுவது ஊர் இல்லாததை. ‘கடிதாய்க் கடற்காற்று வந்தெற்ற’ என்று ஆரம்பித்து, பக்கத்தில் நாலு குடி இருந்தால் குற்றமா, உமக்கு யார் துணை என்று இறைவனைப் பார்த்துக் கேட்கிறார். அப்புறம் இன்னொரு பாட்டில், காடு இவ்வளவு பெரிதாக இருக்கிறது, உன்னோடு இருக்கும் அம்மை அஞ்சுவாளே, பொந்தில் ஆந்தையும் கூகையும் குழறுகின்றனவே, இங்கிருக்கும் வேடர்கள் மிகவும் தீயவர்களாயிற்றே, இங்கேயா கோயில் கொண்டாய் என்கிறார்.

காற்று, காடு, ஆந்தைக் குரல், நம்ப முடியாத மனிதர்கள். மூன்றாம் பாகத்தில் ‘ஆந்தையின் குரல்’ என்றே ஓர் அத்தியாயம் வருகிறது. ரவிதாஸன் கூட்டத்துக்கு ஆந்தைக் கூவல்தான் அடையாளச் சத்தம். சுந்தரரின் பயத்தைக் கல்கி எடுத்துச் சதிகாரர்களின் கையில் கொடுத்துவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு தேவாரப் பதிகத்தில் இருந்த சூழலிலிருந்து ஒரு துப்பறியும் கதையே கிளைத்திருக்கிறது. இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டால், கடலைச் சொல்ல மாட்டேன். இந்தக் கோயில் திண்ணையைத்தான் சொல்வேன்.

முதல் நாள் மாலை: கடற்கரை

‘சுழற்காற்று’ தொடங்குவது ஒரு மாலை நேரத்தில். கடல் அடங்கிக் கிடக்கிறது. படகில் சாய்ந்துகொண்டு பூங்குழலி பாடுகிறாள். அதனால் கரைக்கு ஐந்தரை மணிக்குமேல் போங்கள். மதியம் போனால் நான் பட்ட பாடுதான். முதல் அத்தியாயத்தை அங்கேயே வைத்து வாசித்துப் பாருங்கள். சத்தமாக வாசித்தால் கூடவே நாலு சிறுவர்கள் சேர்ந்துகொள்வார்கள், பரவாயில்லை.

கலங்கரை விளக்கம் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் கேட்பது அதைத்தான். கரையோரத்தில் இடிந்து கிடக்கும் பழைய செங்கல் கட்டுமானத்தைச் சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்பார்கள். முதலாம் பராந்தகன் கட்டியது என்று சொல்வதும் உண்டு. அதில் எஞ்சியிருந்ததையும் 2004 டிசம்பர் சுனாமி சாய்த்துவிட்டது. உள்ளே நிற்கிற விளக்குக் கோபுரங்கள் பிற்காலத்தவை. தியாகவிடங்கரின் விளக்கைத் தேடி அவற்றைப் படமெடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாவலின் விளக்கில் எரிவது விறகு என்பதை நினைத்துக்கொண்டு அந்தச் செங்கல் குவியலின் பக்கத்தில் இருட்டுகிற வரை நில்லுங்கள். ஒரு நெருப்பு, அதைக் காக்க ஒரு குடும்பம், சுற்றிலும் காடும் கடலும். பூங்குழலிக்குக் கடலே வீடாகிப் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இருட்டியதும் திரும்பிவிடுங்கள். இருட்டில் காட்டுப் பக்கம் போக அனுமதி கிடையாது.

இரண்டாம் நாள் காலை: காடு

விடிந்ததும் போய்விட வேண்டும். 1967-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. சதுப்பு நிலம் 2002-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வனத்துறைச் சோதனைச் சாவடியில் சீட்டு வாங்கிக்கொண்டு, வழி தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரையும் கேட்டு அழைத்துக்கொள்ளுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். காரணம் அடுத்துச் சொல்கிறேன்.

காடு என்றதும் மேற்குத் தொடர்ச்சி மலையை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இங்கே மரங்கள் குட்டை. பாலை மரம் அதிகம்; இலைகள் எப்போதும் பச்சை, ஆனால் மழை நின்றால் மண் வறண்டு போகும். முட்புதர்கள் பின்னிக் கிடக்கும். ஓர் ஆள் பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. ‘தாழைப் புதர்’ அத்தியாயத்தில் மறைந்திருந்து கேட்பதெல்லாம் எப்படிச் சாத்தியம் என்ற சந்தேகம் இங்கே நின்றால் தீர்ந்துவிடும்.

வெட்டவெளிப் புல்தரையில் வெளிமான்கள் மேயும். கிடாவின் முறுக்கிய கொம்பைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். புள்ளிமான், காட்டுப்பன்றி, நரி, குரங்கு எல்லாம் உண்டு. மட்டக்குதிரைகளும் கூட்டமாகத் திரிகின்றன, ஒரு காலத்தில் வளர்ப்புக் குதிரைகளாக இருந்து காட்டோடு கலந்துவிட்டவை. வந்தியத்தேவன் விட்டுவிட்டுப் போன குதிரையின் வாரிசுகள் என்று என்னோடு வந்த ஒருவர் அடித்துச் சொன்னார். மறுக்க மனம் வரவில்லை.

காட்டுக்குள் ராமர் பாதம் என்று ஒரு மேடு இருக்கிறது. ராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்பது ஐதீகம். காட்டிலேயே உயரமான இடம் இதுதான், அதுவும் சில மீட்டர்தான். ஏறி ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மலை இல்லை, கோட்டை இல்லை, கண்காணிக்க உயரமில்லை. பழுவேட்டரையரின் ஆட்களுக்கு இங்கே ஏன் ஒன்றும் பிடிபடவில்லை என்பது அந்த மேட்டில் நின்றால் விளங்கும். நாவலில் மணல்மேடு மூடிய ஒரு மண்டபத்தில் பூங்குழலி வந்தியத்தேவனை ஒளித்து வைப்பாள். அந்த மண்டபம் எங்கே என்று தேடி அலைய வேண்டாம். நகரும் மணலைப் பார்த்தால் போதும்.

சேறு: தனியாக ஒரு வார்த்தை

இரண்டாம் பாகத்தின் இரண்டாம் அத்தியாயத்துக்குப் பெயரே ‘சேற்றுப் பள்ளம்’. பூங்குழலியைத் துரத்திக்கொண்டு ஓடும் வந்தியத்தேவன் புதைசேற்றில் இறங்கிவிடுகிறான். துரத்தப்பட்டவளே வந்து தூக்கிவிட வேண்டியிருக்கிறது. கதை தொடங்கும் வீராணம் ஏரிக்கரையிலிருந்து அதுவரை கத்தியாலும் வாயாலும் எல்லா இடத்திலும் தப்பி வந்தவன் அவன். சேற்றிடம் இரண்டும் பலிக்கவில்லை. அந்த நிலத்தை அறிந்தவள் தயவில்தான் இனி கதை நகரும் என்பதைக் கல்கி ஒரே சம்பவத்தில் நிறுவிவிடுகிறார்.

பயணிக்கும் அது பொருந்தும். மேலே காய்ந்து பாளமாகத் தெரியும் சதுப்புத் தரை உள்ளே களியாக இருக்கும். பூநாரையைக் கிட்டத்தில் படமெடுக்கிறேன் என்று இறங்காதீர்கள். முழங்கால் வரை புதைந்து, ஒரு செருப்பை அங்கேயே தானம் செய்துவிட்டு வந்தவன் சொல்கிறேன். பாதை தாண்டுமுன் கூட வந்தவரைக் கேளுங்கள். இருகண் நோக்கி (பைனாகுலர்) ஒன்று வைத்துக்கொண்டால் இறங்க வேண்டிய அவசியமே இருக்காது.

அந்தச் சதுப்பில்தான் பூங்குழலி இரவில் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி, இவர்கள்தான் என் காதலர்கள் என்கிறாள். சதுப்பில் மட்கும் பொருட்களிலிருந்து எழும் வாயு எரிவதுதான் அந்த வெளிச்சம் என்று விளக்குவார்கள். இன்றைக்குப் போகிறவர் அதைப் பார்க்க எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஊரில் மின்சாரம் போன ஒரு நிமிடத்தில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால், அவள் ஏன் அப்படிப் பேசினாள் என்பது கொஞ்சம் புரியும்.

மதியத்துக்குமேல்: கால்வாய் வழியே வடக்கே

ஊருக்குத் திரும்பும்போது நாகப்பட்டினம் வழியாகப் போங்கள். மூன்றாம் பாகத்தில் காய்ச்சலில் நினைவின்றிக் கிடக்கும் அருள்மொழிவர்மரைப் பூங்குழலியும் அவளுடைய அத்தை மகன் சேந்தன் அமுதனும் படகில் வைத்துக் கால்வாய் வழியே நாகப்பட்டினம் கொண்டுபோகிறார்கள். ‘ஓடத்தில் மூவர்’ அத்தியாயம். வழியில் நீங்கள் பார்க்கும் வேதாரண்யம் கால்வாய் ஆங்கிலேயர் காலத்தில் வெட்டியது. நாவலின் கால்வாய் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனாலும் கடலை ஒட்டி, கடலில் இறங்காமல், உள்நீரில் போகிற அந்த வழியின் சாமர்த்தியம் இதைப் பார்த்தாலே பிடிபடும்.

அவர்கள் போய்ச் சேர்ந்த சூடாமணி விஹாரம் என்ற பௌத்த மடம் இப்போது இல்லை. வரலாற்றில் அது ஸ்ரீவிஜய மன்னர் குடும்பம் கட்டியது. நாவலின் அருள்மொழிவர்மரான இராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்குக் கொடையாகக் கொடுத்தான். அதாவது இளவரசர் ஒளிந்திருந்ததாகக் கல்கி சொல்லும் காலத்துக்குப் பிற்பாடு, அதே இளவரசர் அரசரான பிறகு எழுந்தது. கதைக்காகக் கொஞ்சம் முன்னே இழுத்திருக்கிறார். நாகப்பட்டினத்தில் கடைசியாக எஞ்சி நின்ற பழைய பௌத்தக் கோபுரத்தை 1867-ல் இடித்துவிட்டார்கள். அங்கே கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளைப் பார்க்கச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு இரவுப் பஸ் இருக்கிறது. மறுநாள் காலை அருங்காட்சியகம் திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.